மப்புச்சே மக்களின் எட்டுமுனை நட்சத்திரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலத் துணியில் வெள்ளையாக ஓர் எட்டுமுனை நட்சத்திரம். சிலி நாட்டுப் போராட்டப் படங்களிலும், சட்டைகளிலும், பச்சைகுத்திய கைகளிலும் இதைப் பலர் பார்த்திருப்பார்கள். இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் மாந்திரீகச் சின்னம் என்கிறது, இன்னொரு பக்கம் கொடி என்கிறது, வேறொன்று பூ என்கிறது. எனக்குப் பிடித்தமான விஷயம் என்பதால், அடிக்கடி வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

முதலில், மப்புச்சே என்பவர்கள் யார்?

தென் அமெரிக்காவின் தென்பகுதியில், ஆண்டஸ் மலைக்கு இரு பக்கமும் வாழும் பூர்வகுடிகள். மலைக்கு மேற்கே இன்றைய சிலி, கிழக்கே அர்ஜென்டினா. சிலியில் 2017இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் சுமார் 17 லட்சத்து 45 ஆயிரம் பேர் தங்களை மப்புச்சே என்று பதிவு செய்திருக்கிறார்கள். அந்த நாட்டின் பூர்வகுடிகளில் ஐந்தில் நான்கு பேர் இவர்கள்தான். இவர்கள் பேசும் மொழி மப்புதுங்குன்.

ஸ்பானியர்கள் இன்கா பேரரசையே வீழ்த்தினார்கள், ஆனால் இவர்களிடம் திணறினார்கள். 1598இல் குராலாபா என்ற இடத்தில் ஸ்பானிய ஆளுநரே கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து பீயோபீயோ ஆற்றுக்குத் தெற்கே இருந்த ஸ்பானிய ஊர்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. 1641இல் கிலின் என்ற இடத்தில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, அந்த ஆற்றை எல்லையாக ஏற்றுக்கொண்டன. ஆக, நாம் பார்க்கப்போவது தன் நிலத்தைத் தானே ஆண்ட, இன்றும் உயிரோடு இருக்கும் ஒரு சமூகத்தின் சின்னம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்த நட்சத்திரத்தின் பெயர் என்ன? ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கிறதே?

வூஞெல்ஃபே. ஸ்பானிய எழுத்தில் குஞெல்வே. மப்புதுங்குனுக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே எழுத்துமுறை இல்லை. மூன்று முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. அதனால்தான் இத்தனை வடிவங்கள். எல்லாம் ஒன்றுதான்.

அது எதைக் குறிக்கிறது?

விடிவெள்ளியை. அதாவது சூரியன் உதிக்கும் முன் கிழக்கு வானில் தெரியும் வெள்ளி கிரகத்தை.

இதன் கனம் புரிய வேண்டுமானால் கிழக்குத் திசைக்கு அவர்கள் தரும் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் வரைபடத்தில் வடக்கை மேலே வைக்கிறோம். மப்புச்சே மரபில் எல்லாம் கிழக்கிலிருந்து தொடங்கும். ருகா எனப்படும் அவர்களது வீட்டின் வாசல் கிழக்கே பார்த்திருக்கும். ரெவே என்ற படிகள் செதுக்கிய புனிதக் கம்பமும் கிழக்கு நோக்கியே நிற்கும். ஆண்டஸ் மலையும், மலைக்குப் பின்னாலிருந்து எழும் சூரியனும் அந்தப் பக்கம். மேற்கே கடல், சூரியன் மறையும் இடம். இறந்தவர்களின் பயணமும் அந்தத் திசையில்தான் என்பது நம்பிக்கை.

அப்படிப்பட்ட கிழக்கில், இருட்டு விலகும் முன் முதலில் வந்து நிற்கும் வெளிச்சம் வூஞெல்ஃபே. அவர்களது பிரார்த்தனைகள் பலவும் விடியற்காலையில் நடப்பவை. ஊரே கூடி நடத்தும் ஙில்லாதுன் என்ற பெரிய வழிபாடும் விடியலோடு தொடங்கும். ஜூன் கடைசியில், அவர்கள் பக்கம் குளிர்காலத்தின் மிக நீண்ட இரவு கழியும்போது வரும் புத்தாண்டில், விடியும் முன்பே எழுந்து ஆற்றிலோ ஓடையிலோ குளிப்பார்கள். ஜூன் மாதத் தென் சிலித் தண்ணீர் எவ்வளவு குளிராக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் தலையை நிமிர்த்தினால் கண்ணில் படும் வானம்தான் இந்தச் சின்னம் பிறந்த வானம். சிலி அரசு அந்த ஜூன் நாளை 2021 முதல் பூர்வகுடிகளின் தேசிய நாளாக, அரசு விடுமுறையாக அறிவித்திருக்கிறது.

மாலையில் தெரியும் வெள்ளிக்கும் இதே பெயர்தானா?

இல்லை. மாலை வெள்ளிக்கு யெப்புன் என்று தனிப்பெயர். வெள்ளி சுமார் ஒன்பது மாதம் காலை வானில் தெரியும், சில வாரம் காணாமல் போகும், பிறகு அதே அளவு காலம் மாலை வானில் தெரியும், மறுபடி சில நாள் மறையும். இந்த முழுச் சுற்றுக்கு 584 நாள்.

பூவைக் குறிக்கிறது என்றும் சொல்கிறார்களே?

அதுவும் சரிதான். கனேலோ மரத்தின் வெள்ளைப் பூவையும் இந்த வடிவத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். மப்புதுங்குனில் அந்த மரத்தின் பெயர் ஃபோயே.

இந்த மரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ஈரமான காடுகளில் வளரும் பசுமை மாறா மரம். இலை பளபளப்பாக, அடிப்பக்கம் வெளுத்து இருக்கும். பட்டையைக் கிள்ளினால் காரமான வாசனை வரும். மப்புச்சே சமூகத்தில் நோய் தீர்ப்பவராகவும் சடங்கு நடத்துபவராகவும் இருக்கும் மாச்சி, இந்த இலைகளையும் பட்டையையும் மருந்தாகப் பயன்படுத்துகிறார். ரெவே கம்பத்தின் அருகே கனேலோ கிளைகளைக் கட்டுவார்கள். பழைய நாட்களில் பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்கள் கனேலோ கிளையைக் கையில் பிடித்துப் போனால், சமாதானத்துக்கு வருகிறார்கள் என்று அர்த்தம்.

வெளியுலகமும் ஒருமுறை இந்த மரத்தால் பிழைத்திருக்கிறது. 1578இல் ஃபிரான்சிஸ் டிரேக்கின் கப்பல் கூட்டத்தில் இருந்த ஜான் விண்டர் என்ற தலைவர், மகெல்லன் நீரிணையில் தங்கியபோது, ஸ்கர்வி நோயால் துவண்ட தன் ஆட்களுக்கு இதன் பட்டையைக் கொடுத்துத் தேற்றினார். பிறகு ஐரோப்பாவில் அந்தப் பட்டையும், தாவரவியலில் இந்த மரமும் அவர் பெயரிலேயே அறியப்பட்டன. மாச்சிகளின் கைமருந்து இப்படி ஒரு கப்பல் தலைவரின் பெயரை வாங்கிக்கொண்டது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

பூவா, வெள்ளியா, எது முதலில் என்று இணையத்தில் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டை தேவையில்லை என்று படுகிறது. 1992இல் உருவான மப்புச்சே கொடிக்கே வெனுஃபோயே, அதாவது வானத்து ஃபோயே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மரமும் வானமும் ஒரே பெயரில் அடங்குவது அவர்களுக்கு இயல்பான விஷயம்.

ஏன் எட்டு முனை?

இதற்கு இணையத்தில் இரண்டு விளக்கங்கள் சுற்றுகின்றன. ஒன்று, கனேலோ பூவுக்கு எட்டு இதழ் என்பது. அது சரியில்லை. அந்தப் பூவின் இதழ் எண்ணிக்கை பூவுக்குப் பூ மாறும். இன்னொன்று, வெள்ளியின் எட்டு வருடச் சுழற்சி. வானியல்படி கணக்கு உண்மைதான்: 584 நாள் சுற்று ஐந்து முறை முடிந்தால் 2,920 நாள், அதாவது ஏறக்குறைய எட்டு வருடம். எட்டு வருடத்துக்கு ஒருமுறை வெள்ளி ஏறக்குறைய அதே தேதியில் வானில் அதே இடத்துக்கு வரும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கை எட்டு முனையோடு முடிச்சுப் போட நான் தயாராக இல்லை.

என்னுடைய கணிப்பில் விடையைத் தறியில் தேட வேண்டும். வித்ரால் என்ற செங்குத்துத் தறியில் மப்புச்சே பெண்கள் நெய்கிறார்கள். பெண்கள் இடுப்பில் கட்டும் பட்டை த்ராருவே. விரல் அகலத்தில் தொடங்கி உள்ளங்கை அகலம் வரை போகும் இந்தப் பட்டையில்தான் நுணுக்கமான வேலை நடக்கும். எந்த இழையை மேலே தூக்குவது, எதைக் கீழே விடுவது என்று வரிக்கு வரி எண்ணிப் பொறுக்க வேண்டும். ஒரு இழை தப்பினால் உருவம் கோணிவிடும். இந்த முறையில் வளைகோடு வராது. நேர்க்கோடு வரும், சாய்கோடு படிபடியாக வரும், அவ்வளவுதான். இதை வைத்து ஒரு சுடரை நெய்யுங்கள் பார்ப்போம்: மேல், கீழ், இடம், வலம் என நான்கு, மூலைக்கு ஒன்றாக இன்னொரு நான்கு. எட்டு தானாகவே வந்துவிடும். உலகில் வேறு பல நெசவாளர்களிடமும் எட்டுமுனை நட்சத்திரம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்புறம், நான்கு என்ற எண் மப்புச்சே சிந்தனையில் ஆழமாக ஊன்றியது. நிலத்துக்கு நான்கு பக்கம். ஙெனெச்சென் என்ற தெய்வத்துக்கும் நான்கு முகம்: முதியவர், முதியவள், இளைஞன், இளம்பெண். நான்கை மதிக்கும் ஒரு சமூகத்தின் கையில் எட்டு அந்நியமாக இருந்திருக்காது.

மாச்சியின் மேளத்தில் இருப்பதும் இதே நட்சத்திரமா?

அந்த மேளத்தின் பெயர் குல்ட்ருன். மரத்தைக் குடைந்த ஒரு பெரிய கிண்ணம், அதன் வாயில் இழுத்துக் கட்டிய தோல். தோலை மூடும் முன் கூழாங்கல், விதை போன்றவற்றை உள்ளே இட்டு, மாச்சி தன் குரலையும் அதற்குள் பாடி வைப்பார். தோலின் மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு, ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் பறவைக் கால்போல மூன்று கிளை. அந்த நான்கு பகுதிகளில் சூரியன், நிலா, நட்சத்திரங்கள். மாச்சிக்கு மாச்சி ஓவியம் வேறுபடும். அதனால் குல்ட்ருனில் உள்ள ஒவ்வொரு நட்சத்திரமும் வூஞெல்ஃபே என்று சொல்லிவிட முடியாது. அதில் இருப்பது முழு உலகமும். விடிவெள்ளி அதில் ஒரு பங்கு.

சிலி நாட்டுக் கொடியில் உள்ள நட்சத்திரம் இதுதானா?

நேரடியாக இல்லை. ஆனால் தொடர்பு உண்டு.

இன்றைய சிலிக் கொடி 1817 அக்டோபர் 18இல் ஏற்கப்பட்டது. அதில் இருப்பது ஐந்து முனை வெள்ளை நட்சத்திரம். விடுதலைப் போரை நடத்திய பெர்னார்தோ ஓ'ஹிகின்ஸ் அதை அரௌக்கோ நட்சத்திரமாக, அதாவது மப்புச்சே நிலத்தின் விடிவெள்ளியாகக் கருதினார் என்று சொல்லப்படுகிறது. நம்பக்கூடிய செய்திதான். ஓ'ஹிகின்ஸ் சிறுவயதில் சிய்யான் ஊரில் படித்தது, மப்புச்சே தலைவர்களின் பிள்ளைகளுக்காக பிரான்சிஸ்கன் பாதிரியார்கள் நடத்திய பள்ளியில். ஸ்பெயினை எதிர்த்த புரட்சியாளர்கள் தங்கள் ரகசியச் சங்கத்துக்கே லௌதாரோ என்ற மப்புச்சே தளபதியின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள்.

இதற்குக் கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய சாட்சி ஒன்று இருக்கிறது. 1818 பிப்ரவரி 12இல் சான்டியாகோவில் விடுதலை உறுதிமொழி எடுத்தபோது பயன்படுத்திய கொடி. அதில் ஐந்து முனை நட்சத்திரம் சற்றே சாய்ந்திருக்கும். அந்த நட்சத்திரத்தின் நடுவில், எட்டுக் கதிருள்ள சின்னக் குறி ஒன்று தைக்கப்பட்டிருக்கும். அதுதான் வூஞெல்ஃபே. ஐரோப்பிய நட்சத்திரத்துக்குள் மப்புச்சே நட்சத்திரத்தை வைத்துத் தைத்திருக்கிறார்கள். 1980இல், ராணுவ சர்வாதிகாரி பினோசெட் ஆட்சிக் காலத்தில், ஒரு இடதுசாரிப் போராளி இயக்கம் இந்தக் கொடியை அருங்காட்சியகத்திலிருந்து எடுத்துப் போய்விட்டது. 2003இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று பறக்கும் சிலிக் கொடியில் அந்த நடுக் குறி கிடையாது.

அப்படியானால் சிலி அரசு மப்புச்சே மக்களை மதித்தது என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. கொடியில் நட்சத்திரம் ஏறிய காலத்திலேயே நிலைமை சிக்கலாகத்தான் இருந்தது. ஸ்பெயினோடு போட்ட பழைய ஒப்பந்தங்கள் தங்கள் நிலத்தைக் காப்பாற்றும் என்று நம்பிய மப்புச்சே தலைவர்கள் பலர் விடுதலைப் போரில் மன்னர் பக்கம் நின்று போரிட்டார்கள். அவர்கள் பயந்ததுபோலவே நடந்தது. 1861 முதல் 1883 வரை சிலி ராணுவம் மப்புச்சே நிலமான அரௌகானியாவைப் படிப்படியாகக் கைப்பற்றியது. அதே காலத்தில் மலைக்கு அந்தப் பக்கம் அர்ஜென்டினாவும் தன் படையை அனுப்பியது.

பிறகு 1884 முதல் 1929 வரை சிலி அரசு மப்புச்சே குடும்பங்களுக்கு ஏறத்தாழ 3,000 பட்டாக்கள் கொடுத்து, சுமார் 5 லட்சம் ஹெக்டேரில் ஒதுக்கியது. அவர்கள் முன்பு ஆண்ட பரப்பில் இது இருபதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். மிச்சமெல்லாம் குடியேறிகளுக்கும் பெரும்பண்ணைகளுக்கும் போனது. அந்த நிலப் பிரச்சினை இன்றும் தீரவில்லை. யாருடைய விடிவெள்ளியைக் கொடியில் தைத்தார்களோ அவர்களுடைய நிலத்தையே எடுத்துக்கொண்டார்கள். இந்தச் சின்னத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போவது எனக்கு ஒப்பவில்லை.

நீலத்தில் வெள்ளை நட்சத்திரம் உள்ள கொடி, லௌதாரோ காலத்துப் போர்க்கொடியா?

அப்படித்தான் பல சட்டைகளில் அச்சடித்து விற்கிறார்கள். லௌதாரோ 1553இல் துகாபெலில் ஸ்பானிய ஆளுநர் வால்டிவியாவை வீழ்த்தியவர், 1557இல் போரில் இறந்தவர். அந்தக் கொடியை மக்கள் மனதில் பதிய வைத்தது பேத்ரோ சுபெர்காசோ என்ற சிலி ஓவியர் 20ஆம் நூற்றாண்டில் வரைந்த லௌதாரோ ஓவியம். தளபதி இறந்து நூற்றாண்டுகள் கழித்து வரைந்த படத்தை 16ஆம் நூற்றாண்டுக்குச் சாட்சியாக வைக்க முடியாது. ஆனால் இன்றைய மப்புச்சே இளைஞர்கள் அந்தக் கொடியைத் தங்களுடையதாக ஏற்றுப் பிடிக்கிறார்கள். அந்த உரிமை ஓவியம் எப்போது வரைந்தது என்பதைப் பொறுத்தது இல்லை.

அப்படியானால் மப்புச்சே மக்களின் பொதுக் கொடி எது?

மேலே சொன்ன வெனுஃபோயே. 1992இல், கொலம்பஸ் வந்து 500 ஆண்டு என்று மற்றவர்கள் விழா எடுத்த அதே வருடம், மப்புச்சே அமைப்புகள் வடிவங்களைக் கேட்டு வாங்கித் தேர்ந்தெடுத்தது. நீலம், பச்சை, சிவப்பு என மூன்று பட்டை. மேலும் கீழும் கறுப்பு வெள்ளையில் நெசவு வடிவக் கரை. நடுவில் குல்ட்ருன், அதற்குள் சூரியனும் நிலாவும் நட்சத்திரங்களும்.

2019 அக்டோபரில் சான்டியாகோவில் லட்சக்கணக்கானோர் திரண்டபோது, குதிரைவீரன் சிலையின் உச்சியில் ஏறிய ஒருவர் அசைத்த கொடி இதுதான். அந்தப் படம் உலகமெங்கும் போனது. ஊர்வலங்களில் வெனுஃபோயேவும் எட்டுமுனை நட்சத்திரக் கொடியும் பக்கத்தில் பக்கத்தில் பறப்பதைப் பார்க்கலாம். இரண்டுக்கும் போட்டி கிடையாது.

மப்புச்சே வானத்தில் வேறென்ன இருக்கிறது?

நிறைய. பால்வீதி அவர்களுக்கு வெனு லெவ்ஃபு, வானத்து ஆறு. தென்சிலுவை ஒரு காலடித் தடம்: பறக்காமல் ஓடும் சொய்கே என்ற பெரிய பறவை, வேட்டைக்காரனிடமிருந்து தப்பி ஓடியபோது பதித்த கால். மேளத்தின் கோட்டு நுனியில் பார்த்த மூன்று கிளையும் அதே பறவையின் கால்தான். கார்த்திகைக் கூட்டத்தை உருளைக்கிழங்குக் குவியல் என்றும் அழைப்பார்கள். உருளைக்கிழங்கு விளைந்த மண்ணின் வானம் அல்லவா! அந்தக் கூட்டம் ஜூனில் விடியற்காலை வானத்துக்குத் திரும்பி வருவது புத்தாண்டு நெருங்குவதற்கு ஓர் அடையாளம்.

பெரிய தொலைநோக்கிக்கு மப்புச்சே பெயர் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், உண்மையா?

உண்மை. வட சிலியில், அட்டகாமா பாலைவனத்தில், 2,635 மீட்டர் உயரத்தில் பரானல் என்ற மலை. அங்கே ஐரோப்பிய தெற்கு வானாய்வகம் 8.2 மீட்டர் ஆடி கொண்ட நான்கு தொலைநோக்கிகளை நிறுத்தியிருக்கிறது. 1999இல் பள்ளி மாணவர்களுக்கு நடத்திய போட்டியில் 17 வயதுப் பெண் ஒருவர் பரிந்துரைத்த பெயர்களையே சூட்டினார்கள்: அந்து என்றால் சூரியன், குயேன் நிலா, மெலிபால் தென்சிலுவை, நான்காவது யெப்புன். யெப்புன் என்பது சிரியஸ் நட்சத்திரம் என்று முதலில் அறிவித்துவிட்டார்கள். பிறகு விசாரித்ததில் அது மாலை வெள்ளி என்று தெரிந்து திருத்தினார்கள். பெயரைச் சூட்டும் முன்பே மப்புதுங்குன் பேசுகிறவர்களிடம் கேட்டிருந்தால் அந்தத் திருத்தம் தேவைப்பட்டிருக்காது.

பாபிலோனியாவின் இஷ்டார் தேவியின் நட்சத்திரத்தோடு ஏதாவது உறவு உண்டா?

இல்லை. அதுவும் எட்டுமுனை, அதுவும் வெள்ளி கிரகம்தான். ஒரே பிரகாசமான பொருளை இரண்டு சமூகங்கள் தனித்தனியாகப் பார்த்தன, அவ்வளவே. மத்திய ஆண்டஸ் பகுதியின் படிக்கட்டுச் சிலுவை வடிவமான சக்கானாவோடும் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு மக்களுடையது, வேறு வடிவம்.

இதைப் பச்சைகுத்திக்கொள்ளலாமா, சட்டையில் போட்டுக்கொள்ளலாமா?

தடுக்கச் சட்டம் எதுவும் குறுக்கே வரப்போவதில்லை. என் கருத்தைக் கேட்டால், எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரிந்தவர் போட்டுக்கொள்ளலாம். "பழங்கால மர்மச் சின்னம்" என்று சொல்லி விற்கும் கடையில் வாங்குவதைவிட, மப்புச்சே நெசவாளர் நெய்த ஒரு பட்டையையோ, ருத்ராஃபே எனப்படும் வெள்ளிக் கொல்லர் செய்த நகையையோ வாங்குவது எவ்வளவோ மேல். பணம் போக வேண்டியவர் கைக்குப் போகும். குல்ட்ருன் விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அது சடங்குக் கருவி. மாச்சியின் கையில் இருக்கும் பொருளை வீட்டில் அலங்காரத்துக்கு மாட்டுவதை மப்புச்சே மக்களில் பலர் விரும்புவதில்லை.

நேரில் எங்கே பார்க்கலாம்?

சான்டியாகோவில் ஆயுதச் சதுக்கத்தை ஒட்டிய தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் விடுதலைக் கொடி பாதுகாக்கப்படுகிறது. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் கொலம்பஸுக்கு முந்தைய கலைக்கான அருங்காட்சியகம். மப்புச்சே நெசவும் வெள்ளி நகைகளும் அங்கே உண்டு. ஆனால் முடிந்தால் தெற்கே போங்கள். தெமுக்கோவில் அரௌகானியா வட்டார அருங்காட்சியகம் இருக்கிறது, கஞேத்தே ஊரில் மப்புச்சே அருங்காட்சியகம் இருக்கிறது. தெமுக்கோ சந்தையில் த்ராருவே விற்கும் பெண்களிடம் எந்த வடிவத்துக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். ஊருக்கு ஊர், நெய்பவருக்கு நெய்பவர் பதில் மாறும். நான் எழுதியதற்கும் அவர் சொல்வதற்கும் வித்தியாசம் வந்தால் அவர் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.